ஈரத் தடத்தில் உன் இரண்டாவது டயர்

டயர்குல மகாராணியாகிய என் அக்கா மகளுக்கு,

நீ வடிவமைத்த முதல் டயர் பெட்ரோலை மிச்சப்படுத்தியது உண்மைதான். ஆனால் ஈரத் தடத்தில் பிரேக் போட்டதும் கார் அடுத்த நாட்டுக்கே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சோதனை ஓட்டுநராகிய நான் ‘தேறவில்லை’ என்று எழுதினேன். அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. வேலை அதிகமாயிருக்கும்.

இன்று நீ மாற்றிச் செய்த டயர் வந்தது. பக்கத்து இருக்கையில் அளவு குறிக்கும் உன் அத்தை, வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஏழு கடலையும் கவிழ்த்த தண்ணீரில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்க வேண்டிய கோட்டுக்கு முன்பே அடக்க ஒடுக்கமாக நின்றது. பெட்ரோல் மிச்சமும் குறையவில்லை.

“நீங்க அன்னிக்கு ஃபெயில் போட்டதாலதான் அவ இதைச் செஞ்சா,” என்றாள் அத்தை. “ஆனா அதை நீங்களே சொல்லிக்காதீங்க, அசிங்கமா இருக்கும்.”

நான் எங்கே சொன்னேன்? அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

‘தேறியது’ என்று கையெழுத்துப் போட்ட கையோடு,
உன் தாய்மாமன்