ஊற வைத்த ரவை

மலாக்கா,
செவ்வாய்க்கிழமை.

அன்பு ஜெரால்டினுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்குத் தையல் ஆறி, குழந்தைக்கு வயிற்று உப்புசம் தீர்ந்து, நீங்கள் மூன்று பேரும் கொஞ்சமாவது தூங்கி எழுந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல். நான் நலம் என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், நூலகத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவில் நலம். இத்தனை வருஷமும் உனக்குக் கடிதம் எழுதியவர் உன் அப்பாதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்டால், போனை வைத்ததும் கையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை என்பார். தாளை நிரப்பிவிட்டு அடியில் இரண்டு விரல் இடம் விட்டு, இது உன் பங்கு என்று என் பக்கம் தள்ளுவார். உடம்பைப் பார்த்துக்கொள், லாலி ஆன்ட்டி, என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் நானும் இடம் கேட்டதில்லை. இன்றைக்கு முழுத் தாளும் என் பங்காகிவிட்டது. முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடல் பக்கம் மண் கொட்டி மேடாக்குகிற லாரிகள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஜன்னல் கம்பியெல்லாம் தூசி. கூனி இறால் இந்த மாதம் நன்றாகப் பட்டதாகச் சொன்னார்கள், தெரு முழுக்கக் காய்கிறது, துணி உலர்த்த முடியவில்லை. அப்பாவின் வலையை உன் பெரியப்பா மகன் கேட்டான், கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமல் கொடுத்தது சரியா என்று பிறகுதான் யோசித்தேன். சட்டைகளைத் தொடவில்லை. உன் அறை நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, கூரையில் ஒரு இடத்தில் ஒழுகியதை மட்டும் அடைத்தாயிற்று. துக்க வருஷம் முடிகிற வரை இந்த வீட்டில் ஓவன் மூட்டப்போவதில்லை, அது உனக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்திலிருந்து தட்டுத் தட்டாக வரும், நான் ஒருத்தி எவ்வளவு தின்பது. அதற்குள் நீ ஒரு எட்டு வந்து போக முடியுமா என்று கேட்க நினைத்தேன், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வருவாய், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதுவிட்டது, நீயும் வைத்துவிட்டாய். நீ சொன்ன வார்த்தை என் காதிலேயே இருக்கிறது. "ஆன்ட்டி, ஞானஸ்நானக் கேக்குக்கு ரவை ஊற வெச்சிட்டேன்னு அப்பா சொன்னாரே, அதை யாராவது சுட்டீங்களா? ஒரு துண்டு இருந்தாலும் இங்க வரப்போற டெரிக் கிட்ட குடுத்து விடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்." இவ்வளவுதான் கேட்டாய். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, அவருடைய கைக்கடிகாரத்தைக்கூடக் கேட்கவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய படத்தில் குழந்தைக்கு உன் அம்மா மர்லீனின் நெற்றி என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்திருந்தார். தாய்வீட்டுக் கேக் இல்லாமல் ஞானஸ்நானமா, நானே மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் கொண்டுபோகிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பெரிய எனாமல் பேசினில் வெண்ணெயைக் குழைத்து, உன் அம்மா செய்தபடி ஜாதிக்காயைத் துருவி அந்த வெண்ணெயிலேயே போட்டு, ரவையைக் கொட்டிக் கையாலேயே பிசைந்தார். ஜாதிக்காயைக் கடைசியில் தூவுகிறவர்கள் உண்டு, போடாதவர்கள் உண்டு, வெண்ணெயிலேயே ஊற விடுகிற வீடு இந்தத் தெருவில் நம்முடையது ஒன்றுதான். கேக்குக்கு ஊற்றும் முன்னால் பிராந்தி நல்லதுதானா என்று பார்க்க வேண்டாமா என்று வழக்கம்போல் ஒரு மூடி பார்த்தார், இன்னொரு மூடியும் பார்த்தார். பிள்ளைக்குப் பல்லே இல்லையே என்று நான் சிரித்ததற்கு, "அவ அம்மா திம்பாடி, பால் வழியா பேத்திக்குப் போயிரும், நீ டின்னுக்குப் பேப்பர் வெட்டு" என்றார். டின்னுக்கு எண்ணெய் தடவிப் பேப்பர் போடுவது எப்போதும் என் வேலை. அந்தக் கேக்கில் எனக்கு விட்டிருந்த இடம் அது. அதில் எனக்கு வருத்தமில்லை, உன் அம்மா கை ருசி உனக்கு விட்டுப்போகக் கூடாது என்றுதான் அவர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வேறு யாரையும் அதில் கை வைக்க விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் முட்டை வாங்கப் போனார். செங் கடையில் முட்டை அட்டையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், அட்டையை மடியில் வைத்தபடியே தண்ணீர் கேட்டாராம், செங் தண்ணீரோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது, அந்த முட்டை அட்டையைச் செங்கே கொண்டுவந்து நம் அடுப்படி மேஜையில் பேசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார் என்பது. ஒரு முட்டைகூட உடைந்திருக்கவில்லை. ரவை, முட்டை, இடித்து வைத்த பாதாம், பிராந்தி, நான் பேப்பர் போட்டு வைத்த டின், எல்லாம் ஒரே மேஜையில் இருந்தன.

பெட்டி வீட்டைத் தாண்டும் வரை சாவு வீட்டுக்காரி அடுப்படியில் கால் வைக்கக் கூடாது, அதுவரை அடுப்படி அக்கம்பக்கத்தாருடையது. உன் அம்மா போனபோது நீயும் பார்த்ததுதான். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யார் யாரோ வந்தார்கள், ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தார்கள், ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடித்தாள். ரவை ஊறுகிறது என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஜெபமாலை ஆரம்பிப்பதற்கு முன் காப்பியோடு எல்லோருக்கும் சூஜி ரவைக் கேக் வந்தது. நீ ஒண்ணுமே சாப்பிடல, இதையாவது வாயில போடு என்று யாரோ என் கையில் ஒரு துண்டைத் திணித்தார்கள். ஒரு கடி கடித்தேன். ஜாதிக்காய் வாசனை வந்தது, ஜெரால்டின். எனக்கு அப்போதுதான் பேசின் நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் வாசல் வரை எல்லோரும் மென்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கு எதிரே இருந்த கிழவர் தன் பெண்டாட்டியிடம், "ஒஸ்வால்ட் கேக் மாதிரியே இருக்குடி" என்றார். "அவன் கேக் அவன் சுட்டாத்தான், சும்மா திங்கய்யா" என்று அவள் அதட்டினாள். அவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்து நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் ஃபாதர் சிலுவை போட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். கையில் மிச்சமிருந்ததை அப்படியே மூடிக்கொண்டேன். ஜெபம் முடிந்து எழுந்தபோது தட்டில் தூள்தான் இருந்தது.

சுட்டது உன் ஞானத்தாய் அகதா ஆன்ட்டிதான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார், நான் சொல்லத்தான் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன், அதனால் முதுகுக்குப் பின்னால் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அடக்கமெல்லாம் முடிந்து ஒரு நாள் துணி காயப் போடுகிற இடத்தில் அவரிடம் கேட்டேன். "எவளோ ஒரு புண்ணியவதி துக்கத்துக்கு வர்றவங்களுக்குன்னு ஊறப் போட்டுட்டு, சுட ஆளில்லாம விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்டி, முட்டையும் பக்கத்துலயே இருந்திச்சு, கெட்டுப்போகக் கூடாதேன்னு என் வீட்டு ஓவன்ல போட்டு எடுத்தேன்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார், அதில் தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. "அப்ப அவன் கேக்கையே அவன் சாவுக்குப் பங்கு போட்டுட்டேனா" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு ஒரு வாரம் நம் வாசல் பக்கமே வரவில்லை. வந்தபோது, நீ போனில் கேட்டதைக் கேள்விப்பட்டு ஒரு யோசனையோடு வந்தார். அவர் வீட்டு ஓவனுக்குத் துக்கமில்லை, அங்கே புதிதாக ஒன்று சுட்டு, ஜாதிக்காயும் போட்டு, இது அப்பா ஊற வைத்தது என்று டெரிக்கிடம் கொடுத்துவிடலாம் என்றார். "நாக்குக்கு ஆள் பேரா தெரியும் லாலி, பச்சை உடம்புக்காரி, அழாம திங்கட்டுமே" என்றார்.

அன்று முழுவதும் யோசித்தேன். நல்ல மனதோடு சொன்னதுதான், நீயும் கண்டுபிடித்திருக்க மாட்டாய், ஒருவேளை சாப்பிட்டுவிட்டு உனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். ஆனால் எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் கல்யாணத்தன்று நீ கேக் சாப்பிடவில்லை, வயிற்று வலி என்றாய், உனக்கு அப்போது பதினான்கு வயது. வராதவர்களுக்குத் துண்டு பொதிந்து அனுப்புகிற மாதிரி அப்பா உன் பங்கைப் பொதிந்து உன் தலையணை ஓரத்தில் வைத்தார். சில நாள் கழித்து எறும்போடு அதை எடுத்துப் போட்டவள் நான்தான். குத்திக்காட்ட எழுதவில்லை. அன்று வாயால் வயிற்று வலி என்றாலும், பிடித்த மாதிரி தின்று காட்டாமல் உண்மையாக நடந்துகொண்டாய், அந்த மரியாதையை நானும் உனக்குத் தர வேண்டும். அப்பா போன பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. நீ இனிமேலும் இந்த வீட்டை வீடு என்று நினைப்பாயா என்பதுதான் நான் தினமும் விளக்கணைக்கும்போது யோசிப்பது. ஒரு பொய்க் கேக்கை நடுவில் வைத்து அதை ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீ கேட்டது இல்லை, கண்ணே. நம் தெரு அதைச் சாப்பிட்டுவிட்டது. அகதா ஆன்ட்டியிடம் கோபித்துக்கொள்ளாதே, உனக்கு முடிகிறபோது நீயாக ஒரு முறை அவருக்குப் போன் செய், அவர் அந்த டின்னைத் திருப்பித் தரவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் திண்டாடுகிறார். ஆனால் ஜெபத்தின்போது என் கைக்குள் இருந்தது அப்படியே இருக்கிறது. அன்றே கைக்குட்டையில் சுற்றி, பிறகு பட்டர் பேப்பரில் பொதிந்து, ஃப்ரீசரில் மீனுக்கு எட்டாத மூலையில் வைத்திருந்தேன். அதைத்தான் டெரிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். சாவு வீட்டுக் கேக்கை ஞானஸ்நான வீட்டுக்கு அனுப்புவார்களா என்று அகதா ஆன்ட்டி தடுத்தார், அதுவும் நியாயம்தான். நாள் பார்த்து நீயே முடிவு செய், விருந்தில் வைக்க வேண்டாம், நீ மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட வேண்டாம் என்று தோன்றினால் பிரித்து முகர்ந்து பார், வாசனை இன்னும் இருக்கிறது.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள், கனமானதைத் தூக்காதே, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஞானஸ்நானத்தன்று குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் நீட்டும்போது அப்பா பெயரை மனதில் ஒரு முறை சொல்லிக்கொள். உன்னையும் உன் வீட்டுக்காரரையும் என் பேத்தியையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பேத்தி என்று எழுதிவிட்டேன், அந்த வார்த்தையை அடித்துத் திருத்தப்போவதில்லை. துக்க வருஷம் கழிந்து முதல் முறை ஓவன் மூட்டும்போது ரவை ஊற வைக்க வேண்டியிருக்கும், வெண்ணெய்க்கு எவ்வளவு ரவை என்பது எனக்குத் தெரியாது, பேப்பர் போட மட்டும்தான் தெரியும். நீ சின்ன வயதில் உன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தவள், அதை மறந்துவிடாதே.

ஒன்று சொல்ல வேண்டும். பொதியைப் பிரித்தால் துண்டின் ஒரு ஓரத்தில் பல் பட்ட தடம் இருக்கும். அது என்னுடையது. என் வாய் பட்டதை உனக்கு அனுப்புவதா என்று அந்த ஓரத்தை வெட்டி எடுக்கக் கத்தியை எடுத்தேன். வெட்டினால் இன்னும் சிறிதாகிவிடும் என்று அப்படியே வைத்துவிட்டேன்.

அன்புடன்,
லாலி