ஏசி பம்ப்பும் முதலாம் திகதியும்

செப். 11, வியாழன்

காலை எட்டு மணிக்கே தகரக் கூரை கொதிக்கிறது. பரமு அண்ணையின் லாண்ட் மாஸ்டர் உழவு மெசின், கிளச் வேலை பாதியில். விதைப்பு வரப்போகிறது, ஸ்கந்தபுரத்தில் உள்ள உழவு மெசின் எல்லாம் என் கராஜ் வாசலில். நடுவில் அத்தானின், அக்காவின் மனுசனின், கார். எண்பதுகளின் ஜப்பான் கார், எஞ்சினைப் பிரித்து ஓட்டப் போட்டிக்காக நான் திரும்பக் கட்டியது. இரண்டு பெரிய காபரேற்றர். எல்லாம் முடிந்தது, பெற்றோல் பம்ப்பைத் தவிர.

கனடாவிலிருந்து அத்தானின் குரல் மெசேஜ் ஏழு. "தம்பி, மெக்கானிக்கல் பம்ப்பை விடு. இஞ்ச ஒருத்தன் சொல்லுறான், ஓட்டக் காருக்கு எலெக்ட்ரிக்தானாம்." போன கிழமை இதே வாய் மறுவளமாகச் சொன்னது. மூன்றாம் தரம் மாறுகிறார். விசர்.

கராஜ் நிலம் அவருடையது. நானும் அம்மாவும் இருக்கும் வீடு அவருடையது. ஸ்பானர் பெட்டிகூட அவர் அனுப்பியது. நான் மட்டும்தான் என்னுடையவன், அதிலும் சந்தேகம்.

கொழும்பில் ஓட்டக் கார் கட்டும் கராஜ் ஒன்று என் எஞ்சின் வீடியோவைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறது. ஒக்டோபர் முதலாம் திகதி. அத்தானிடம் சொன்னேன். "காரை முடிச்சுப்போட்டு எங்கயெண்டாலும் போ. நான் மறிக்கேல்லை" என்றார். ஓம், அவர் மறிக்கவில்லை.

செப். 13, சனி

கரண்ட் இல்லை. சும்மா இருந்து எழுதியது:

ஏசி பம்ப் (எஞ்சினில் பூட்டும் மெக்கானிக்கல் பெற்றோல் பம்ப்)
– எஞ்சின் சுற்றினால்தான் இழுக்கும், நின்றால் நிற்கும். விபத்து நடந்தால் அது நல்லது
– வயர் இல்லை, ரிலே இல்லை
– எஞ்சின் சூடு முழுக்கத் தலையில். பெற்றோல் ஆவியாகிக் காற்றுப் பிடிக்கும்
– கையில் இருக்கிறது. ஒரு மணித்தியால வேலை

மின் பம்ப் (பின்னால், டாங்க் பக்கத்தில்)
– குளிர்ந்த இடத்திலிருந்து தள்ளும். எந்த வேகத்திலும் ஒரே அழுத்தம்
– எஞ்சின் நின்றாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த ஒரு சுவிட்ச் கட்டாயம்
– இந்தக் காருக்கு எது சரி என்று கேட்டால் இதுதான்
– இங்கே கிடைக்காது

கடைசி இரண்டு வரியையும் வெட்டினேன். திரும்ப எழுதினேன். நானே எழுதி நானே பொய் சொல்வதா?

செப். 16, செவ்வாய்

வவுனியா. ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நாலு. மூன்றில் கையை விரித்தார்கள். நாலாவது ஆள் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப்பைத் தூக்கிக் காட்டினார். "இதுவும் பெற்றோல் பம்ப்தானே தம்பி, போடுங்கோ." அந்த அழுத்தத்துக்கு இரண்டு காபரேற்றரும் வாந்தி எடுக்கும். சரியானது ஜப்பானில் இருந்துதான் வரவேண்டும். ஐந்து கிழமை.

பஸ்ஸில் முழங்கால் மடக்க இடமில்லை. முதலாம் திகதிக்கு இரண்டு கிழமைதான். ஐந்து கிழமை, ஐந்து கிழமை என்றே வந்தேன்.

செப். 18, வியாழன்

ஏசி பம்ப்பைப் பூட்டினேன். அத்தானைக் கேட்கவில்லை.

அக்கராயன் றோட்டில் கார் தங்கமாக ஓடியது. முறிகண்டியில் ஏ9 பெருந்தெருவில் ஏறும் இடத்தில் நிறுத்தினேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி யார் நிற்காமல் போவது? தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கி, பத்து நிமிடம். திரும்பி வந்தால் ஸ்டார்ட் இல்லை. பம்ப்பில் கை வைக்க ஏலாத சூடு. உள்ளே பெற்றோல் கொதித்திருக்கிறது.

கச்சான்கார அக்கா சிரிக்கிறா. "என்ன தம்பி, தேங்காய் வடிவா உடையேல்லையோ? பிள்ளையார் விடுறார் இல்லை."

"பிள்ளையாரில பிழையில்லை அக்கா. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

பழைய வான் ட்ரைவர்மார் செய்வதுதான்: சீலைத் துண்டை நனைத்துப் பம்ப்பில் சுற்றினேன். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட். வழி நெடுக வெட்கம்.

செப். 19, வெள்ளி

செய்துவிட்டேன்.

மத்தியான வெயிலில் காரை அரை மணித்தியாலம் ஓட விட்டு, நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணி வீடியோ. பம்ப்பில் ஈரச்சீலை. படத்துக்குள் விழாத பக்கமாக. போனைப் பிடித்தது பரமு அண்ணை.

"உந்தச் சீலையை எடுக்காமலோ?"

"உங்களுக்கு லாண்ட் மாஸ்டர் நாளைக்கு வேணுமோ வேண்டாமோ?"

"எனக்கென்னப்பா, நீ சொன்னால் சரி."

அனுப்பினேன். மார்கழியில்தானே அத்தானும் அக்காவும் வருகிறார்கள், அப்போது குளிர், ஒன்றும் ஆகாது. இதைப் பத்துத் தரம் சொல்லியாயிற்று எனக்கு நானே.

செப். 20, சனி

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கெட்டிக்காரன்ரா! அப்ப எலெக்ட்ரிக் வேண்டாம். நீ ஒண்டாம் திகதி போ." பெட்டியில் உடுப்பு அடுக்கினேன். நாலு சேட், இரண்டு ஜீன்ஸ். இவ்வளவுதானா என் சாமான்?

பின்னேரம் கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்தா. குரலில் அப்படி ஒரு சந்தோசம். "நானும் முன் சீற்றில இருந்து மலைநாடு போகப்போறன். வளைவு வளைவா ஏறேக்க பயமா இருக்குமோடா?"

"இல்லையக்கா" என்றேன்.

செப். 22, திங்கள்

இரண்டு நாளாக மலைநாட்டு றோட்டுத்தான் கண்ணுக்குள். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், மார்கழியென்ன தையென்ன. வளைவில் நிற்கும். பின்னால் லொறி. முன் சீற்றில் அக்கா.

அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அந்த வீடியோ பொய்."

"என்ன பொய்?"

"பம்ப்பில ஈரச்சீலை சுத்தியிருந்தனான். இல்லாட்டி ஸ்டார்ட் வராது. எலெக்ட்ரிக்தான் போடவேணும்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். உண்மையில் அவர் ஏச வேண்டும் என்றுதான் ஆசை. ஏசினால் நானும் ஏசி, கோபத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

சிரித்தார் மனுசன். "இதுக்குத்தான்ரா உன்னை அங்க வைச்சிருக்கிறன். வேற ஒருத்தன் இதைச் சொல்லியிருப்பானோ? பம்ப்பை நான் ஓடர் பண்ணுறன். வேற ஆரையும் கைவைக்க விடாதை, நீயே பூட்டு. அஞ்சு கிழமைதானே."

"ஓம் அத்தான்."

ஆப்பிழுத்த குரங்கு நான். ஆப்பை இழுத்ததும் நானேதான்.

ஒக். 1, புதன்

முகில். மழை இல்லை.

எட்டு மணிக்குக் கொழும்பு கராஜுக்குப் போன் எடுத்து, பிந்தி வரலாமா என்று கேட்டேன். "தம்பி, வேலை குவிஞ்சு கெடக்கு. நீங்க வராட்டி என்ன செய்ற? வேற ஆளப் போட்டுக்கிறோம்." மரியாதையாகத்தான் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் போகவில்லையென்று சந்தோசப்படுவா. அதை இன்றைக்குப் பார்க்க ஏலாது.

இரண்டு ட்ராக்டர், ஒரு தண்ணீர் மோட்டார். உடுப்புப் பெட்டி கட்டிலுக்குக் கீழே, அப்படியே.

ஒக். 24, வெள்ளி

நாலு நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று வெயில்.

பம்ப் முந்தாநாள் வந்தது. டாங்க் பக்கத்தில் பூட்டி, ரிலே வைத்து, ஒயில் அழுத்தம் விழுந்தால் பம்ப்பும் நிற்க ஒரு சுவிட்ச். வயர் எல்லாம் வடிவாகக் கட்டினேன். கோபத்தில் செய்தாலும் வேலை வேலைதான்.

பதினொன்றரைக்குக் காரை எடுத்தேன். முறிகண்டியில் கும்பிட்டுவிட்டு வந்தால் திறப்பின் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். ஏ9 வெறுமை. மிதித்தேன். ஓர் இருமல் இல்லை, ஒரு தடக்கல் இல்லை. என்னை அறியாமல் கத்தினேன், சந்தோசத்தில்.

மாங்குளம் சந்தி வரை வந்ததே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன், எஞ்சினை அணைக்கவில்லை. டாங்கில் முக்கால். சூடு அளவாக. நேரே போனால் வவுனியா, அதற்கங்கால் கொழும்பு. இந்தக் கார் எங்கேயும் நிற்காது. எனக்குத் தெரியும், நான் கட்டியது.

எவ்வளவு நேரம் இருந்தேனோ. போன் அடித்தது. அம்மா.

"எங்க நிக்கிறாய்? சோறு ஆறுது."

"வாறன்" என்றேன். சிக்னல் போட்டு, யாழ்ப்பாண பஸ் ஒன்று போகும்வரை பொறுத்து, காரைத் திருப்பினேன்.