எல்லார் பாஸ்வேர்டும் என்னிடம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. கடை போர்டு ஆடிக்கொண்டே இருந்தது. ஜெராக்ஸ் டோனர் வாங்கணும். சாதிச் சான்றிதழ் 7, பான் கார்டு 2.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு மெயில். 'உங்கள் மெயில்பெட்டி நிரம்பிவிட்டது. இன்றே உறுதி செய்யாவிட்டால் மூடப்படும்.' அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன். வெறும் வெள்ளைத் திரை. அப்புறம்தான் அனுப்பியவன் முகவரியைப் பார்த்தேன். கன்னாபின்னா எழுத்து.

நெட் சென்டர் வைத்துப் பதினோரு வருஷம். 'தெரியாத லிங்கைத் தொடாதீர்கள்' என்று சுவரில் ஒட்டி வைத்திருப்பதும் நான்தான். வெட்கக்கேடு.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமில்லை. என் பாஸ்வேர்டை மாற்றியாச்சு. போனுக்கு நம்பர் வந்தால்தான் திறக்கும்படியும் செய்தாச்சு. இதை எப்போதோ செய்திருக்கணும்.

ஆனால் நான் மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்த பிள்ளைகள் அத்தனை பேர் பாஸ்வேர்டும் என் மெயிலுக்குள்தான் லிஸ்டாகக் கிடந்தது. "எனக்கு மறந்துரும், நீங்களே வச்சுக்கோங்கக்கா" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏட்டி, வாயைத் தொறக்காத. கடைப் பேரு கெட்டுரும். மாத்தச் சொல்லு, ஏன்னு சொல்லாத."

அப்படியே செய்தேன். 'புது ரூல், உடனே மாத்துங்க.' 31 பேருக்குப் போன். 4 பேர் எடுக்கவில்லை. ராயகிரி பேச்சியம்மாள் அதில் ஒருத்தி. நர்சிங் முடித்த பிள்ளை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் வேலை உத்தரவு இந்த வாரம் மெயிலில் வரணும். வந்த இரண்டு நாளில் பதில் போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மறுபடி அடித்தேன். ஸ்விட்ச் ஆப்.

ஜூன் 11, புதன்

டோனர் இன்னும் வாங்கவில்லை.

பத்து மணிக்குப் பேச்சியே வந்து நின்றாள். போன் நேற்றுக் கீழே விழுந்து ரிப்பேராம். அதற்கு முன்னாலிருந்தே மெயில் திறக்கவில்லையாம். நான் முயன்றேன். பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. மீட்பதற்கு என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டிருக்கிறான், பாவி. உத்தரவு வந்ததா, வரவில்லையா, யாருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். எடுக்க ஆளில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவள், "எக்கா, நான்தான் போன்ல எதையோ தெரியாம அமுக்கிட்டேன் போல. உங்களுக்கும் அலைச்சல். கோவப்படாதீங்கக்கா."

"இனிமேலாவது பாத்து இரு" என்றேன்.