இரண்டாவது கியரில் நின்ற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு லாரிக்கு ஹாரன் மாற்றினேன். மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று கடை வாசலில் நின்றது. வயதான கார். பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. இறங்கியவரைப் படத்தில் பார்த்திருக்கிறேன். வாத்தியார். என் மகளின் அம்மா என்னைப் பிரிந்தபின் மணந்துகொண்டவர். எட்டு வருடத்தில் நேருக்கு நேர் நிற்பது இதுதான் முதல் தடவை.

நான் யார் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை.

"ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஆஃப் ஆயிடும். திரும்பச் சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ரெண்டு மெக்கானிக் பார்த்துட்டாங்க. வயரிங் சமாச்சாரம்னா உங்ககிட்ட போங்கன்னாங்க."

"வண்டி யாருக்கு?"

"பாப்பாவுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போறா இல்ல, கண் டாக்டர்கிட்ட."

"தெரியும் சார்" என்றேன். பயிற்சி தெரியும். கார் ஓட்டுகிறாள் என்பது தெரியாது. மாதம் ஒரு முறை போனில் பேசும்போது நான் கேட்பது சாப்பிட்டாயா, தூங்கினாயா. அவள் சொல்வது ஆமாம், ஆமாம்.

மார்ச் 5

வண்டியை நிறுத்திவைத்து என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். மூச்சுவிடவில்லை, சமர்த்தாக ஓடியது. மதியம் வாத்தியாரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கண்ணாடிப் பாத்திரம் ஏற்றிய வண்டி மாதிரி ஓட்டுகிறார். நிற்கவே இல்லை.

இப்படி வந்துபோகும் கோளாறுதான் ஆளைக் கொல்லும். பல்வலிக்காரன் டாக்டர் வாசலை மிதித்ததும் வலி போய்விடுவதுபோல.

மார்ச் 6

பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கினேன். பெட்ரோல் பம்புக்குக் கரன்ட் கொடுக்கும் ரிலே பழசு, அதையும் மாற்றினேன். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வாத்தியாரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இருக்கும் என்றுதான் சொன்னேன். இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்திருக்கலாம். வேறு யார் வண்டியாக இருந்தாலும் வைத்திருப்பேன். இது வாசலில் நின்றால் வேலை ஓடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நின்றுவிட்டது. மேம்பால ஏற்றத்தில். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்தும் லேசாக இடித்திருக்கிறார். பின்விளக்கு நொறுங்கிவிட்டது. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று வாத்தியார் போனில் மூன்று தடவை சொன்னார். எனக்கு நாலாவது தடவையும் கேட்க வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் அவள் அம்மா கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மெக்கானிக் சொல்லி அவர் உங்ககிட்ட வரல. நான்தான் அனுப்பினேன்" என்றாள். "நீங்க பார்த்த வண்டின்னுதான் அவளைத் தனியா ஓட்ட விட்டேன்."

அவ்வளவுதான். போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 12

கட்டியிழுத்து வந்த வண்டி கடைக்குள் நிற்கிறது. வந்த மற்ற வேலைகளைப் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினேன். இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி உள்ளே பார்த்தேன். துரு இல்லை, தளர்வு இல்லை. கரன்ட் பார்க்கும் என் மீட்டரில் முள் அசையவில்லை. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கிற வண்டி எதுக்குப்பா நடுப்பாலத்துல நிக்குது?

மார்ச் 13

அதே கதை. வாத்தியார் பள்ளி முடிந்து நேராக வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யோசனை எதுவும் சொல்லாமல் இருந்தது பெரிய உதவி. டீ வாங்கிவந்து கொடுத்தார். போகும்போது, "எங்கிட்ட இந்த வண்டி ஒருநாளும் நின்னதில்ல. அவகிட்ட மட்டும்தான் நிக்குது" என்றார், ஏதோ தன் குற்றம் மாதிரி.

இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன். நானாவது கேட்டிருக்க வேண்டாமா? ஓட்டுகிறவள் அவள். அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. கடைசியாக நானாக எப்போது அழைத்தேன் என்று யோசித்தேன். மாத முதல் ஞாயிறு அவள்தான் கூப்பிடுவாள்.

மார்ச் 14

அவளே திரும்ப அழைத்தாள்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

இல்லை, கார் விஷயம் என்றேன். "எப்ப நிக்குதுன்னு சொல்லு. நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கவே இல்லை. "ரெண்டாவது கியர் போட்டு அழுத்தும்போதுதான். ஏத்தமா இருந்தா கட்டாயம் நிக்கும். நிக்கறதுக்கு முன்னாடி அந்த என்ஜின் வேகம் காட்டுற முள் சட்டுனு ஜீரோவுக்கு விழும். வண்டி அப்ப உருண்டுக்கிட்டேதான் இருக்கும். நான் அப்பாகிட்ட சொன்னேனே."

அப்பாகிட்ட. வாத்தியாரிடம். சரிதான். அவர் அதை "திடீர்னு" என்ற ஒரே வார்த்தையில் கட்டி என்னிடம் கொடுத்திருக்கிறார்.

"நாளைக்கு வந்து ஓட்டிக் காட்டுறியா?" என்றேன். வருகிறேன் என்றாள்.

வண்டி உருளும்போதே முள் விழுகிறது என்றால் பெட்ரோல் பக்கம் போக வேண்டியதில்லை. என்ஜின் சுற்றுகிற சேதியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் வயரில் எங்கோ வெட்டு. அழுத்தும்போது மட்டும் வெட்டு.

மார்ச் 15, சனி

வந்தாள். வாத்தியாரும் கூட. அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள், அல்லது நான் குனிந்தே வேலை செய்து குறைந்துவிட்டேன்.

முன் மூடியைத் திறந்துவைத்தேன். கடைக்குள்ளேயே, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப்பிடித்து, இரண்டாவது கியரில் கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னேன். என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. எழக் கூடாத அளவுக்கு. அணைந்தது. என் கண் எதிரில் அணைந்தது. இப்படிச் சந்தோஷப்பட்டு நாளாயிற்று.

"கிளச் வேகமா விட்டுட்டேனா?"

"இல்ல. முள்ளைப் பார்த்தியா?"

"மொதல்ல அதுதான் விழுந்துச்சு."

என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாத கிழிசல். அழுத்தும்போதெல்லாம் என்ஜின் துள்ளும். துள்ளும்போது என்ஜினுக்குப் பின்னால் காரின் தகட்டுச் சுவரோடு கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் வயர்க் கட்டு விறைத்து இழுபடும். கட்டைப் பிரித்தேன். சூட்டில் வெந்து வெந்து மேல்தோல் அப்பளமாக நொறுங்கியது. ஒரு வயர் மட்டும் வெளியே முழுசாகத் தெரிந்தது. விரலால் மடித்தால் நடுவில் துவண்டது. உறை அப்படியே இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டு கரன்ட் போகும். இழுத்தால் விலகும். நான் ஆட்டிப் பார்த்தது கட்டின் மறுபக்கம்.

"அப்பா, லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க" என்றாள், உள்ளே தலையை நீட்டிக்கொண்டு. லைட் என் கையில் இருந்தது. வாத்தியாரும் கையை நீட்டினார். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

நொறுங்கின வயர்களை எல்லாம் வெட்டியெடுத்து, புது வயர் சேர்த்து, ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய் போட்டு மூடினேன். இந்த முறை கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினேன். மவுண்டிங் திங்கட்கிழமைதான் கிடைக்கும்.

மார்ச் 17

மவுண்டிங் போட்டாயிற்று. பின்விளக்கும். மேம்பாலத்தில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில். அழுத்து என்றேன். அழுத்தினாள். போயிற்று. திரும்பி வந்து மறுபடி ஏறினோம். மறுபடியும். போதும்பா என்றாள். இன்னொரு தடவை என்றேன்.

மார்ச் 30

வண்டி பற்றிப் புகார் இல்லை. இன்று அவள் அழைக்கும் ஞாயிறு இல்லை. நானே அழைத்தேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள் பேசினாள். கண்ணில் அழுத்தம் அளக்கும் கருவி பற்றி, அதைப் பார்த்து அழுத ஒரு பெரியவர் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 19

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. காரோடுதான் போவாளாம். இரண்டு அப்பாவும் வந்து விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாளாம். இதைச் சொன்னவள் அவள் அம்மா. "வருவீங்கல்ல?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். பாப்பாதான் முழு வழியும் ஓட்டினாள். அறை மாடியில், ஜன்னல் தெருவைப் பார்த்து. கட்டிலை நானும் வாத்தியாரும் தூக்கிப் போட்டோம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஒழுங்குபடுத்த அம்மாக்காரி ஒரு வாரம் அங்கேயே இருக்கிறாள். கார் கீழே மரத்தடியில் நிற்கிறது.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் அவருக்கு. முதலில் ஏதோ மழை வருமா என்று பேசினார். கொஞ்ச தூரம் போனதும் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். கனமான தலை. கை மரத்துப்போயிற்று. ஊர் வரும்வரை எழுப்பவில்லை.