வகுப்புக்குக் கொண்டுபோகும் பேய்கள்

29.10.87 வியாழன்

இஞ்சேருங்கோ,

இன்றைக்குப் பகல் இரண்டு மணி வேலைக்குப் போகிறேன். வர இரவு பதினொன்றாகும். புட்டு மூடி வைத்திருக்கிறது, சம்பல் ஃபிரிஜ்ஜுக்குள்.

நேற்று நானும் பிள்ளைகளும் ஹாலோவீனுக்குச் செய்த பேய் உருண்டைகளை, "ஊரில சனம் சாகுது, இஞ்ச உங்களுக்குப் பேய்க் கொண்டாட்டமோ?" என்று கேட்டுத் தட்டோடு குப்பைக்குள் கொட்டினீர்கள். ஊரில் எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். சண்டை தொடங்கி மூன்று கிழமையாக அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நேற்றுக் காலை வேலையிடத்து வாஷ்ரூமுக்குள் நின்று அழுதுவிட்டு வந்துதான் பிள்ளைகளோடு இருந்து பிஸ்கற் நொறுக்கினேன்.

நாளைக் காலை சுகிர்தாவின் வகுப்பில் பார்ட்டி. இருபத்தாறு பிள்ளைகள். மேசையில் பிஸ்கற்றும் இனிப்பு ரின்பாலும் துருவின தேங்காய்ப்பூவும் திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவர்களோடு இருந்து நீங்களே செய்யுங்கள். பிஸ்கற்றை நொறுக்கி, ரின்பால் விட்டுக் குழைத்து உருட்டி, தேங்காய்ப்பூவில் பிரட்டினால் சரி. கண்ணுக்குக் கறுத்த முந்திரிகை வற்றல். அடுப்பு மூட்டத் தேவையில்லை. அதனால் சமையல் தெரியாதென்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

லண்டனிலிருந்து உங்கள் அக்கா போன் எடுத்தால் ஊரில் மாமி எப்படி என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்குக் கோபம் உங்களோடு மட்டும்தான்.

புனிதம்

இதையும் சொல்ல வேண்டும். நேற்றுப் படுக்கும்போது சுகிர்தா சொன்னாள்: "அப்பா எறிஞ்சவர் எண்டு ரீச்சருக்குச் சொல்லமாட்டன் அம்மா. என்ர கையால விழுந்திட்டுது எண்டு சொல்லுறன்." ஏழு வயதுப் பிள்ளை, உங்கள் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நித்திரையாகிவிட்டது.