புரொபசர் தாத்தா வருவதற்குள்

கண்ணு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்காதே. அந்த ஆட்களை நம்ப முடியாது.

சாயங்காலம் உன் அம்மாவைப் பெற்ற புரொபசர் வருகிறார். பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்று அவரிடம் போன் போட்டுக் கேட்டாயாம். நான் இங்கேதான் குத்துக்கல்லாட்டம் இருந்தேன். "உயிரியல் எதுக்கும்மா, கம்ப்யூட்டர் எடு" என்றாராம். நீ மாட்டு டாக்டர் ஆகப்போவது அவருக்குத் தெரியாதா? அவர் சொன்னால் வேதவாக்கா?

நான் வரும்வரை எதையும் முடிவு பண்ணாதே. உயிரியல் இல்லாமல் சேர்ப்பார்களா என்று மாட்டு டாக்டர் காலேஜிலேயே கேட்டுவர பஸ் ஏறுகிறேன்.

அவருக்குக் காபி கொடு. என் நாற்காலியைக் கொடுக்காதே.

இன்னொன்று. அடுத்த தடவை முதலில் என்னைக் கேள். தெரியாது என்று நான் சொன்ன பிறகு அவரிடம் போ.

தாத்தா