கட்டிலுக்கு மேலே ஈரம்

ஜூன் 4

பாப்பாவுக்கு மறுபடியும் இழுப்பு. கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரம் இன்னும் ஒரு கை அகலம் படர்ந்திருக்கிறது. மேல்வீட்டுக் குளியலறைக் குழாய்தான். அந்த அக்காவோ, "எங்க வீட்ல ஒரு சொட்டு ஒழுகல, போய் வேற எங்கயாவது பாரு" என்கிறார். டாக்டர், குழந்தையை வேறு அறையில் படுக்க வைக்கச் சொல்கிறார். இருப்பதே ஒரு அறை.

ஜூன் 9

இனிமேல் குடியிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் வீட்டு வசதி வாரியம் பராமரிப்பு வேலைகளை முடிவு செய்யுமாம். குழுவுக்கு பிளாக்குக்கு ஒருவர். எங்கள் பிளாக்கில் எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். "காலேஜ் படிச்ச பொண்ணு, பேசட்டுமே!"

நானா? ஆட்டோவில் 'இங்கே நிறுத்துங்க' என்று சொல்வதற்குள் வீடு தாண்டிப் போய்விடும்.

ஜூன் 17

முதல் கூட்டம். இந்த வருஷம் ஒரே ஒரு பிளாக்குக்குத்தான் புதுக் குழாய். இன்ஜினியரும் குழுவும் நேரில் பார்த்து முடிவெடுப்பார்கள். சனிக்கிழமை எங்கள் முறை. நான் பேச வேண்டாம், சுவரே பேசிவிடும் — அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பாப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால் படிக்கட்டெல்லாம் பளபள. மேல்வீட்டு அக்கா தலைமையில் பிளாக்கே கூடிப் பெயின்ட் அடித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் நான் கொடுத்திருந்த சாவியை வாங்கி, எங்கள் அறையையும் சேர்த்து! கையில் பிரஷ்ஷோடு அவர் சிரிக்கிறார்: "பெரிய ஆளுங்க வர்றாங்க, அசிங்கமா இருந்தா நம்மள என்ன நினைப்பாங்க?"

"அசிங்கத்தக் காட்டத்தானேங்க கூப்பிட்டோம்!" என்று கத்திவிட்டேன். அந்த வாடைக்குக் குழந்தை விடாமல் இருமுகிறாள். நாளைக்கு நான் எதைக் காட்டுவேன்?

ஜூன் 21

"புது வீடு மாதிரில்ல இருக்கு!" என்றார் இன்ஜினியர். குழுவினர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். பாப்பா இருமினாள். மூச்சு வாங்க வாங்க இருமினாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க!" மேல்வீட்டு அக்கா படியேறி ஓடினார். மேலே வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும் சத்தம். என்ன நடக்கிறது என்று எல்லோரும் விழித்துக்கொண்டு நிற்க, சுவரில் பெயின்ட் கன்னம் போல உப்பியது. இன்ஜினியர் விரலால் தொட்டார். வெடித்து, அவர் சட்டைக்கை முழுக்க வழிந்தது.

அக்கா மூச்சிரைக்க இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுக் குழாய்தான் சார். எழுதிக்கோங்க."

அதற்குப் பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன்? நினைவில்லை. "ஆரம்பிக்கத் தெரியாதவளுக்கு நிறுத்தவும் தெரியல" என்று அக்கா ராத்திரி வரை கிண்டல்.

ஜூலை 30

குழாய் எங்களுக்குத்தான். மேல்வீட்டில் தரையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பமே எங்கள் வீட்டில்தான் குளிக்கிறது. "என்னடி, வாளி இவ்ளோண்டு வச்சிருக்க?" — அக்காவின் குறை.

ஆகஸ்ட் 26

சுவர் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கிறது. மேல்வீட்டு அக்கா பிரஷ்ஷை எடுத்தார். முறைத்தேன். வைத்துவிட்டார்.

இருமல் சத்தமே கேட்கவில்லையே என்று பதறி, விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.

தூங்குகிறாள்.